அச்சாகாத அட்டை: ஃப்ளீட் வாக்கரும் ஒரு போலி ஆவணமும்

1

அட்டை சாதாரணத் தபால் உறையில் வந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்க்கும் நண்பர் அனுப்பியிருந்தார். ஒன்றரை அங்குல அகலம், இரண்டரை அங்குல உயரம். தடித்த அட்டைமேல் ஒட்டிய, பழுப்பேறிய புகைப்படம். மூலைகள் மழுங்கியிருந்தன. ஓரத்தில் வேண்டுமென்றே போட்ட ஒரு மடிப்பு. படத்தில் ஒரு கறுப்பின இளைஞர். கீழே ஆங்கிலத்தில் பெயர், ஆடிய இடம், ஊர்: வாக்கர், கேட்சர், டொலிடோ. அதற்கும் கீழே ஒரு சிகரெட்டின் பெயர்: ஓல்ட் ஜட்ஜ். திருப்பிப் பார்த்தேன். பின்புறம் வெறுமையாக இருந்தது.

இது பழைய பொருள் அல்ல. அங்கிருக்கும் ஒரு சேகரிப்பாளர் தன் ஆசைக்குச் செய்து நாலு பேருக்குச் சும்மா கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் பேஸ்பால் ஆட்டக்காரரான மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கருக்கு அவர் காலத்திலேயே வந்திருக்க வேண்டிய, ஆனால் வராமல் போன அட்டை. 1881இல் ஓபர்லின் கல்லூரி அணியோடு அவர் எடுத்துக்கொண்ட குழுப் படத்திலிருந்து அவரை மட்டும் பிரித்தெடுத்து, பழைய சிகரெட் அட்டைகளின் அளவிலும் எழுத்திலும் நிறத்திலும் வார்த்திருக்கிறார் அந்த மனிதர். தேயிலைச் சாயம் ஏற்றிப் பழசாக்கியிருக்கிறார். நண்பர் தொலைபேசியில் கேட்டார்: "அச்சு அசல் பழசு மாதிரியே இருக்குல்ல? ஒரு அநியாயத்தைச் சரிபண்ணின மாதிரி இருக்கு, இல்லையா?"

ஆமாம் என்றுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு அந்த 'ஆமாம்' உறுத்த ஆரம்பித்தது. உறுத்தலுக்குக் காரணம் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை. பேஸ்பால் நமக்கு அந்நியமான ஆட்டம், எனக்கும்தான். பள்ளிக்கூடத்தில் மல்யுத்த வீரர்களின் 'ட்ரம்ப் கார்டு' வைத்து விளையாடிய தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதற்கு மேல் அட்டைகளோடு எனக்குப் பந்தம் இல்லை. ஆனால் இங்கே கேள்வி ஆட்டத்தைப் பற்றியது அல்ல. விலக்கப்பட்ட ஒருவருக்கு நூறாண்டு கழித்து நாம் செய்கிற மரியாதை, அவர் விலக்கப்பட்டார் என்கிற உண்மையையே மூடிவிடக் கூடுமா என்பதைப் பற்றியது.

2

முதலில் அட்டை என்கிற பொருளைப் பார்த்துவிடலாம். 1880களில் அமெரிக்க சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பாக்கெட்டில் விற்பனைக்கு வந்தன. சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிவிடும். நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டைத் துண்டைச் செருகினார்கள். வெறுமனே கிடக்கிற துண்டில் ஒரு படம் போட்டால் என்ன என்று யோசித்தபோது விளம்பரத்தின் வரலாற்றில் ஒரு புதிய அத்தியாயம் தொடங்கியது. நடிகைகள், கொடிகள், பறவைகள், குத்துச்சண்டைக்காரர்கள் எல்லாம் பாக்கெட்டுக்குள் வந்தார்கள். 1881இல் ஜேம்ஸ் பொன்சாக் சிகரெட் சுற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கைவேலையில் தேர்ந்தவர்களும் நிமிடத்துக்கு ஒரு சிலவே சுற்ற முடிந்த இடத்தில் அந்த இயந்திரம் இருநூறு வரை சுற்றித் தள்ளியது. சரக்கு குவிந்தால் வாங்குகிறவனைக் கட்டிப்போட வேண்டும். ஒரு படம் கிடைத்தவன் அடுத்த படத்துக்காக அடுத்த பாக்கெட் வாங்குவான். தூண்டில் அதுதான்.

நியூயார்க்கின் குட்வின் நிறுவனம் 1886 முதல் 1890 வரை ஓல்ட் ஜட்ஜ் சிகரெட்டோடு பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படங்களைக் கொடுத்தது. ஐந்நூறு பேருக்கு மேல். ஒவ்வொருவருக்கும் பல நிலைகளில் படங்கள். ஓவியமோ அச்சோ அல்ல, அட்டைமேல் ஒட்டிய நிஜமான புகைப்படப் பிரதிகள். பின்புறத்தில் எழுத்து கிடையாது. பல படங்கள் புரூக்ளினில் இருந்த ஜோசஃப் ஹாலின் நிலையத்தில் எடுக்கப்பட்டவை. வரைந்து தொங்கவிட்ட திரைக்கு முன்னால் ஆட்டக்காரர் நிற்பார். பந்து நூலில் கட்டி மேலிருந்து தொங்கும். பாய்ந்து பிடிப்பதுபோல் அவர் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார். பல அட்டைகளில் அந்த நூல் அப்பட்டமாகத் தெரிகிறது.

அந்த நூல் முக்கியமானது. இன்று ஏலத்தில் 'அசல்' என்று பெயர் பெறுகிற அட்டையே ஒரு ஜோடனைதான். ஆட்டம் நடக்காத இடத்தில் ஆட்டத்தை நடித்துக் காட்டியது. அசல்/போலி என்ற எதிர்வை அவ்வளவு எளிதாக இங்கே போட்டுவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய ஜோடனை தன்னுடைய நூலை மறைக்கவில்லை. என் கையிலிருந்த புதிய அட்டையில் நூல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

இன்னொன்று. அட்டையில் இடம்பெறுவது அன்றைக்கு ஒரு கௌரவமாகத் தொடங்கியது அல்ல, வியாபாரக் கணக்கு. 1890இல் டியூக், ஆலன் அண்ட் ஜின்டர், கின்னி, கிம்பல், குட்வின் ஆகிய ஐந்து நிறுவனங்களும் இணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி ஆயின. தங்களுக்குள் போட்டி ஒழிந்ததும் படத்துக்கான தேவையும் போயிற்று. பேஸ்பால் அட்டைகள் சில ஆண்டுகளில் அநேகமாக ஓய்ந்துபோயின. யாருடைய முகத்துக்காக வாங்குகிறவன் காசு கொடுப்பான் என்பதே அட்டையின் ஒரே இலக்கணம். அந்த இலக்கணத்துக்குள் வாக்கர் ஏன் வரவில்லை?

3

வாக்கர் 1856 அக்டோபர் 7 அன்று ஒஹாயோவின் மவுண்ட் பிளசன்ட்டில் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியிலும் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1883இல் டொலிடோ அணியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அந்த அணி அமெரிக்கன் அசோசியேஷனில் சேர்க்கப்பட்டது; அன்றைய மேல்மட்டப் போட்டிகளில் அதுவும் ஒன்று. 1884 பருவத்தில் வாக்கர் 42 ஆட்டங்கள் ஆடினார். மட்டையடிச் சராசரி .263. அவர் தம்பி வெல்டியும் அதே அணிக்குச் சில ஆட்டங்கள் ஆடினார்.

கேட்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர் மாதிரி, மட்டைக்காரருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர். பஞ்சு அடைத்த பெரிய கையுறை அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. வாக்கர் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிடித்தார். விரல்கள் பிளந்துபோவதும் எலும்பு விலகுவதும் அந்த வேலையின் தினப்படி. அதனால்தான் கேட்சர் முன்கூட்டியே விரலால் குறி காட்டுவார். அடுத்து வரப்போவது எந்த வகைப் பந்து என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் கை தப்பும்.

டொலிடோவின் முக்கியமான பந்துவீச்சாளர் டோனி மலேன் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பேட்டியில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தான் ஆடிய கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர்தான். ஆனால் கறுப்பர்களைத் தனக்குப் பிடிக்காது. ஆகையால் வாக்கர் காட்டிய குறியைப் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு வீசினேன் என்கிறார். ஒருநாள் வாக்கர் அவரிடம் வந்து, குறி இல்லாமலே பிடிக்கிறேன், ஆனால் குறி காட்டின பிறகு அதை மீறி வீசுவதாக இருந்தால் பிடிக்க மாட்டேன் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுக்க, என்ன வரப்போகிறதென்று தெரியாமலே, வெறுங்கையோடு பிடித்தார்.

குறிப்பான், குறிப்பீடு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். குறி தன்னிச்சையானது, வழக்கால் அர்த்தம் பெறுவது என்றெல்லாம் பாடம் நடத்தியிருக்கிறோம். மலேனின் இந்தச் சம்பவம் அந்தப் பாடத்தில் விட்டுப்போன ஒரு வரியைச் சொல்கிறது. குறி வேலை செய்ய வேண்டுமானால், அதைக் காட்டுகிறவருக்குக் குறி காட்டும் உரிமை உண்டு என்று எதிரில் இருப்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள மறுத்தால் விரல் வெறும் விரல்தான். அர்த்தம் மறுக்கப்பட்டதன் விலையை வாக்கர் எலும்பில் கொடுத்தார். மொழியியல் சொல்லாடல்களில் காணாமல் போகிற 'உடல்' இங்கே ரத்தத்தோடு வந்து நிற்கிறது.

இது உள் அணியின் கதை. எதிர் அணியின் கதை கேப் ஆன்சன். சிகாகோ அணியின் தலைவர், அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர். 1883 ஆகஸ்ட் 10 அன்று டொலிடோவில் ஒரு காட்சி ஆட்டம். கறுப்பர் களத்தில் இருந்தால் ஆட மாட்டோம் என்றார் ஆன்சன். வாக்கருக்குக் கையில் காயம். அன்று அவர் ஓய்வில் இருக்க வேண்டியவர். மிரட்டலைக் கேட்ட டொலிடோ மேலாளர் சார்லி மார்ட்டன், அப்படியானால் ஆடியே தீர வேண்டும் என்று அவரைக் களத்தில் இறக்கினார். ஆடாவிட்டால் நுழைவுக் கட்டணத்தில் பங்கு போய்விடும் என்று தெரிந்ததும் ஆன்சன் முணுமுணுத்துக்கொண்டே ஆடினார். அன்றைக்குக் கொள்கை காசிடம் தோற்றது.

1884 செப்டம்பரில் வர்ஜினியாவின் ரிச்மண்டிலிருந்து மார்ட்டனுக்கு ஒரு கடிதம் வந்தது. வாக்கர் ரிச்மண்ட் மைதானத்தில் சீருடையோடு இறங்கினால் அவரைத் தாக்க எழுபத்தைந்து பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்றது கடிதம். அந்தப் பயணத்துக்கு முன்னதாகவே, விலா எலும்பு முறிந்து அவதிப்பட்டுக்கொண்டிருந்த வாக்கரை அணி விடுவித்துவிட்டது. இந்த ரிச்மண்ட்தான் ஆலன் அண்ட் ஜின்டர் சிகரெட் நிறுவனத்தின் ஊர். சில ஆண்டுகள் கழித்து அந்நிறுவனம் 'உலக சாம்பியன்கள்' என்று ஐம்பது வண்ண அட்டைகளை வெளியிட்டது. பத்துப் பேர் பேஸ்பால்காரர்கள். கேப் ஆன்சன் அதில் இருக்கிறார். துப்பாக்கி சுடுகிற ஆனி ஓக்லியும் பஃபலோ பில்லும்கூட இருக்கிறார்கள்.

4

1887இல் வாக்கர் நியூவார்க் அணியில் இருந்தார். கூடவே ஜார்ஜ் ஸ்டோவி என்ற கறுப்பினப் பந்துவீச்சாளர். ஜூலை 14 அன்று ஆன்சனின் சிகாகோ அணி அங்கே காட்சி ஆட்டத்துக்கு வந்தது. இந்த முறை ஆன்சன் சொன்னது நடந்தது. ஸ்டோவியும் வாக்கரும் ஆடவில்லை. ஸ்டோவிக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. அதே நாளில் பஃபலோவில் கூடிய இன்டர்நேஷனல் லீக் உரிமையாளர்கள், இனிக் கறுப்பின ஆட்டக்காரர்களோடு புதிய ஒப்பந்தங்களை அங்கீகரிப்பதில்லை என்று 6க்கு 4 என்ற வாக்கில் முடிவு செய்தார்கள். நான்கு ஆண்டுகளில் காசைக்கூடத் தோற்கடிக்கும் அளவுக்குக் கொள்கை வளர்ந்துவிட்டது.

இந்த விலக்கு எப்படி எழுதப்பட்டது, எப்படி எழுதப்படாமல் போனது என்பது கவனத்துக்குரியது. 1867இல், ஆட்டம் இன்னும் தொழிலாக மாறியிராத காலத்தில், தேசியச் சங்கம் கறுப்பினத்தவர் உள்ள குழுக்களைச் சேர்ப்பதில்லை என்று வெளிப்படையாகவே தீர்மானம் போட்டது. அது ஆவணம், எடுத்துக் காட்டலாம். தொழில்முறைப் பெருமட்ட ஆட்டத்திலோ அப்படியொரு விதி எழுத்தில் இல்லை. கனவான்களுக்கிடையிலான வாய்மொழி ஒப்பந்தம் என்றுதான் பின்னால் அதற்குப் பெயர் வந்தது. 1888இல் வேறொரு சிறிய லீக் கறுப்பர்களைச் சேர்க்க அனுமதித்த விதியை நீக்கியபோது, தம்பி வெல்டி வாக்கர் 'ஸ்போர்ட்டிங் லைஃப்' இதழில் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒருவனை விலக்குவதென்றால் திறமைக் குறைவோ நடத்தைக் கேடோ காரணமாக இருக்கட்டும், தோல் காரணமாக வேண்டாம் என்பது அதன் சாரம். பதில் வரும்படியான கேள்வி அது. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லாதபடிதான் விலக்கு அமைக்கப்பட்டிருந்தது.

வாக்கர் 1889 வரை சிரக்யூஸ் அணியில் ஆடினார். அவருக்குப் பிறகு அந்த லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் வர 1946 ஆயிற்று: மான்ட்ரியல் அணிக்கு வந்த ஜாக்கி ராபின்சன். இடையில் 1942இல், பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ், கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாதென்று எழுத்திலோ எழுதாமலோ எந்த விதியும் கிடையாது என்று அறிவித்தார். யோசித்துப் பாருங்கள்: ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர்கூட உள்ளே இல்லை, ஆனால் விதி இல்லை. எழுதப்படாத விதியின் வலிமை இதுதான். அதை மீற வேண்டியதில்லை, மறுத்தால் போதும்.

இப்போது ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளுக்குத் திரும்பலாம். 1886 முதல் 1890 வரை. கலிஃபோர்னியா லீகில் ஆடிய, கிழக்குக் கரையில் யாரும் பார்த்திராத ஆட்டக்காரர்களுக்கும் அதில் அட்டை உண்டு. வாக்கருக்கு இல்லை. ஸ்டோவிக்கு இல்லை. பஃபலோவின் இரண்டாம் தளத்தில் கலக்கிய ஃப்ராங்க் கிராண்டுக்கும் இல்லை. குட்வின் நிறுவனத்தில் யாரோ உட்கார்ந்து இவர்களை நீக்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அட்டை எவரையும் விலக்கவில்லை. விலக்கி முடித்துவிட்ட ஓர் உலகத்தை அது புகைப்படம் எடுத்தது, அவ்வளவுதான். அதனாலேயே அந்த வரிசையின் இடைவெளி சாட்சியாகிறது. விதி இல்லை என்று ஆணையர் சொல்லலாம். ஐந்நூறு முகங்களை வரிசையாகப் பரப்பி வைத்தால் விதி தெரிகிறது.

தமிழ் படித்தவனுக்கு இந்த மாதிரி வெற்றிடம் பழக்கமானது. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பாசிரியர்கள் எண்களை இழுத்து மூடிவிடவில்லை. 266க்குப் பிறகு 269 வருகிறது. இடையில் இருப்பது இழப்பு என்பது வாசகனுக்குத் தெரிகிறது. நல்ல புலமையுள்ள ஒருவர் சங்க நடையில் இரண்டு பாட்டு எழுதி அங்கே வைத்தால், பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் இடைச்செருகல்.

5

அப்படியானால் அந்தச் சேகரிப்பாளர் செய்தது இடைச்செருகலா? என் உறுத்தலின் மையம் இதுதான். தேயிலைச் சாயம், மழுங்கிய மூலை, போலி மடிப்பு. இந்த அட்டை இன்னும் ஐம்பது வருஷம் கழித்து ஒரு பழைய டப்பாவிலிருந்து எடுக்கப்படும்போது என்ன சொல்லும்? 'அந்தக் காலத்திலேயே ஒரு கறுப்பருக்குச் சிகரெட் நிறுவனம் அட்டை போட்டிருக்கிறதே, நிலைமை அவ்வளவு மோசமில்லை போல' என்றுதானே சொல்லும்? லாண்டிஸ் சொன்னதையே இதுவும் சொல்லிவிடாதா?

இன்னும் கூர்ந்து பார்த்தபோது ஒரு பிழை தட்டுப்பட்டது. ஓல்ட் ஜட்ஜ் பேஸ்பால் அட்டைகள் தொடங்கியது 1886இல். வாக்கர் டொலிடோவுக்கு ஆடியது 1883, 84இல். 'டொலிடோ' என்று போட்ட ஓல்ட் ஜட்ஜ் அட்டை வாக்கருக்கு வந்திருக்கவே முடியாது. வந்திருந்தால் நியூவார்க் என்றோ சிரக்யூஸ் என்றோ இருந்திருக்கும். மெனக்கெட்டு எழுத்துருவைக்கூடப் பிரதியெடுத்தவருக்கு இது தெரியாமலா இருக்கும்? வாக்கர் பெருமட்டத்தில் ஆடியது டொலிடோவில் மட்டும்தான், ஆகவே டொலிடோ. அதாவது இந்த அட்டை நினைவுகூர்வது ஒரு மனிதரை அல்ல, ஒரு பட்டத்தை: 'முதல் கறுப்பின ஆட்டக்காரர்'.

அந்தப் பட்டமும் இன்று அவ்வளவு உறுதியாக இல்லை. 1879 ஜூன் 21 அன்று பிராவிடன்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிய வில்லியம் எட்வர்ட் வைட், ஜார்ஜியாவில் ஒரு வெள்ளை முதலாளிக்கும் அவருக்கு அடிமையாயிருந்த பெண்ணுக்கும் பிறந்தவர் என்பதை 2000களில் ஆய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். வைட் வெள்ளையராகவே வாழ்ந்தார். பெயரும் அதுவாகவே அமைந்தது. அவரை 'முதல்வர்' என்பதா? வெள்ளையராக உள்ளே போனவரைக் கறுப்பராக எண்ணிப் பட்டியலில் வைக்கும்போது, அடிமை முறையின் அதே ரத்தக் கணக்கை நாமும் போடுகிறோம். முதல், முன்னோடி என்கிற சொற்கள் எவ்வளவு வசதியானவையோ அவ்வளவு சிக்கலானவை. ஒருவரை 'முன்னோடி' என்று அட்டைப்படத்தில் போட்டவுடன் கடமை முடிந்ததென்று நினைக்கிற வழக்கம் நம் பத்திரிகைகளுக்கும் உண்டு.

சந்தையின் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சேகரிப்பாளர்களின் உலகில் மிகப் புகழ்பெற்ற அட்டை ஹோனஸ் வாக்னருடையது; 1909க்கும் 1911க்கும் இடையில் வெளியான சிகரெட் அட்டை வரிசையைச் சேர்ந்தது. தன் படத்தைப் போட வேண்டாம் என்று அவர் தடுத்ததால் சில பிரதிகளோடு நின்றுபோனது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. 2022இல் அதில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. தானே மறுத்தவரின் அரிய அட்டைக்குக் கோடிகள். பிறர் மறுத்ததால் ஒரு பிரதிகூட இல்லாமல் போனவருக்கு விலையே இல்லை. அபூர்வம் என்பது இருப்பதற்குத்தான். அறவே இல்லாததற்கு ஏலம் கிடையாது.

6

வாக்கரைக் கௌரவிப்பதில் இன்னொரு தடங்கல் இருக்கிறது. தடங்கல் வாக்கர்தான்.

1891 ஏப்ரலில் சிரக்யூஸில் ஒரு மதுக்கடைக்கு வெளியே வெள்ளையர் கும்பலோடு தகராறு. வாக்கர் கத்தியால் குத்தியதில் பேட்ரிக் மர்ரி என்பவர் இறந்துபோனார். முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது, நீதிமன்றத்தில் ஆரவாரம். 1898இல் ரயில்வே தபால் எழுத்தராக இருந்தபோது தபாலைக் கையாடியதாகக் கைதாகி ஓராண்டு சிறையில் இருந்தார். பீரங்கிக் குண்டு ஒன்றுக்கும் பிற்காலத்தில் திரைப்படச் சுருள் தொடர்பான கருவிகளுக்கும் காப்புரிமை பெற்றார். ஒஹாயோவின் கேடிஸ் ஊரில் நாடகக் கொட்டகை நடத்தினார். இவ்வளவும் ஒரே ஆள். ஓர் அட்டையின் முன்புறத்தில் அடங்குகிற ஆள் இல்லை.

1908இல் வாக்கர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 'நம் தாயகக் குடியிருப்பு' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் கறுப்பினத்தின் கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் பற்றிய ஆய்வு. அதன் முடிவு: வெள்ளையரோடு சேர்ந்து வாழ்வது ஒருநாளும் நடக்காது, மொத்தமாக ஆப்பிரிக்காவுக்குப் பெயர்ந்துவிடுவதே வழி. ஓபர்லினில் வெள்ளை மாணவர்களோடு ஒரே அணியில் ஆடியவர், வெள்ளை ஜூரியால் விடுதலை பெற்றவர், கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது. அவருடைய அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் 'ராபின்சனுக்கு முன்பே கதவைத் திறந்தவர்' என்று அவரை அட்டையில் ஏற்றும்போது நாம் அவருடைய குறியைப் பார்க்காமல் நம் இஷ்டத்துக்கு வீசுகிறோம் என்பதையாவது ஒப்புக்கொள்ள வேண்டும். கதவு திறக்கவில்லை, மூடியது. மூடிய கதவில் அகப்பட்டது என் விரல் என்பதே அந்த நூலின் சாட்சியம்.

1924 மே 11 அன்று கிளீவ்லாண்டில் இறந்தார். ஸ்டூபன்வில்லில் புதைத்தார்கள். 1990களின் தொடக்கம் வரை அந்தப் புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. பிறகு ஓபர்லின் கல்லூரி சார்ந்தவர்கள் வைத்தார்கள். 2017இல் ஒஹாயோ மாநிலம் அக்டோபர் 7ஐ அவர் நாளாக அறிவித்தது. கல்லும் ஒரு பிந்திய மரியாதைதான். ஆனால் கல் தன்னை 1924ஆம் ஆண்டுக் கல் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அட்டைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் அங்கேதான்.

7

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இதைச் செஞ்சிருக்கவே கூடாதுங்கறீங்களா? அந்த ஆளு ராத்திரி முழுக்க முழிச்சு ஒட்டியிருக்காரு. காசுக்காக இல்ல. என் பையன் இந்த அட்டையைப் பாத்துட்டுத்தான் யாருப்பா இவருன்னு கேட்டான்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. பையனுடைய கேள்வி, நான் எழுதிய ஆறு பகுதிகளையும்விட நேரடியானது. வெற்றிடம் சாட்சி என்று நான் சொல்லலாம். ஆனால் வெற்றிடத்தைக் காட்டி எந்தப் பையனையும் 'யார் இவர்' என்று கேட்க வைக்க முடியாது. இல்லாத முகத்தை யார் விசாரிப்பார்கள்? ஐந்நூறு அட்டைகளைப் பரப்பினால் விதி தெரியும் என்று எழுதினேன்; அது தேடிப் போகிறவனுக்குத்தான் தெரியும். ஆவணங்களின் தூய்மையைப் பற்றிக் கவலைப்படுவது ஆவணத்தில் ஏற்கெனவே இடம் பெற்றவர்களின் சொகுசோ என்றும் தோன்றியது.

நம் இலக்கணத்தில் வழு என்றும் வழுவமைதி என்றும் இரண்டு உண்டு. வழு பிழை. வழுவமைதி பிழைதான், ஆனால் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவர் சொன்னால் திணை மாறிவிடுகிறது. அன்பினால் சொன்னார் என்பதால் இலக்கணம் அதை ஏற்கிறது. இன்னும் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்றால் காலம் மாறிவிடுகிறது. விரைவு பற்றி அதையும் ஏற்கிறது. பிழையை அமைதியாக்குவது காரணம். காரணம் தெரியாவிட்டால் அது வெறும் வழு.

1884இல் டொலிடோவில் ஆடியவருக்கு 1886க்குப் பிந்திய அட்டை: காலவழு. மரியாதையினால் செய்தது என்பது தெரிந்தால் காலவழுவமைதி. தெரிய வைப்பதற்கு இடமும் இருக்கிறது. பழைய அட்டைகளுக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமென்று அந்த மனிதர் பின்புறத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். தவறு அங்கேதான். முன்புறம் அவருடைய ஆசைக்கு; பின்புறம் வரலாற்றுக்கு. நூல் தெரிய வேண்டிய இடம் அது.

அட்டையைத் திருப்பி, கூரான பென்சிலால், பொடி எழுத்தில் எழுதினேன்: 'இந்த அட்டை வாக்கர் காலத்தில் வெளிவரவில்லை. அவர் 42 ஆட்டங்கள் ஆடினார். பிறகு ஆட விடவில்லை. அப்படி ஒரு விதி இல்லை என்றார்கள்.' அதற்கு மேல் இடமில்லை. செய்த ஆண்டைப் போட மறந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்து, ஓரத்தில் அதையும் நெருக்கி எழுதி, அதே உறையில் வைத்து, பையனிடம் கொடுக்கச் சொல்லி நண்பருக்கே திருப்பி அனுப்பினேன்.